பிணங்கும் அச்சம்: இலையுதிர்கால மாலைகளுக்குச் சில நாவல்கள்

அக்டோபர் பிறந்ததும் இங்கிலாந்துப் புத்தகக் கடைகளின் முன்மேசைகள் கறுப்பும் ஆரஞ்சும் கலந்த அட்டைகளால் நிறைந்துவிடுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை தொடர் கொலைகாரர்களைப் பற்றியவை. எத்தனை பக்கத்துக்கு ஒருமுறை இரத்தம் சிந்த வேண்டும் என்று கணக்குப் போட்டு எழுதியவை போலத் தோன்றுபவை. வட இங்கிலாந்துக்குக் குடிவந்த முதல் சில ஆண்டுகள் நானும் அந்த மேசைகளிலிருந்துதான் வாங்கினேன். படித்து முடித்த இரவுகளில் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதே அப்புத்தகங்கள் மீது எனக்குள்ள புகார். கொலைகாரன் பிடிபட்டுவிட்டான், வாசற்கதவு பூட்டியிருக்கிறது, விளக்கை அணைக்கலாம். இலையுதிர்கால மாலையில் வாசிக்கத் தகுந்த நாவல் நம்மை அவ்வளவு எளிதில் விடுவிக்கக் கூடாது என்பது என் கட்சி.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் இடங்களை எண்ணித் தருகிறது: ‘அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே.’ மனிதரை வருத்தும் தெய்வமான அணங்கு, விலங்கு, திருடர், அரசன் ஆகிய நான்குமே அஞ்சுகிறவனுக்கு வெளியே நிற்பவை. எதைக் கண்டு அஞ்சுகிறோம் என்பதில் அங்கே குழப்பம் எழ வழியில்லை. ‘பிணங்கல் சாலா’ என்பதை நான் என் வசதிக்கு, வழக்குக்கு இடமில்லாத அச்சம் என்று படித்துக்கொள்கிறேன். கடைமேசைத் திகில் நாவல்களை இந்த நான்கு பெட்டிகளில் ஏதேனும் ஒன்றில் போட்டு மூடிவிடலாம். நான் இங்கே பேச விரும்புபவையோ பிணங்கும் அச்சத்தைச் சேர்ந்தவை. அச்சுறுத்துவது அணங்கா, அணங்கைக் கண்டதாகச் சொல்பவரா, அவர் சொன்னதை நம்பி உடன்நடந்த நாமா என்ற வழக்கு தீர்வதற்குள் அவற்றில் கடைசிப் பக்கம் வந்துவிடும்.

இவற்றை நள்ளிரவில் படிப்பதைவிட மாலையில் படிப்பதே சரி. அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறன்று இங்கே கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். சனிக்கிழமை ஐந்தே முக்கால் வாக்கில் மறைந்த சூரியன் மறுநாள் ஐந்து மணிக்கு முன்பே மறைந்துவிடுகிறது. நவம்பர் இறுதியில் நான்கு மணிகூட ஆவதில்லை. நம்முடைய பருவப் பகுப்பில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். அந்தக் கூதிரைப் பாடும் நெடுநல்வாடையில், மழையிருட்டில் பொழுது தெரியாமல் பிச்சி அரும்பு அவிழ்வதைக் கொண்டு மாலை வந்ததை அறிந்து விளக்கேற்றும் பெண்கள் வருகிறார்கள். இரவும் பகலும் மயங்கிப்போய், இரை தேடவும் செல்லாமல், இருந்த இடத்திலேயே கால் மாற்றி நிற்கும் புறாக்கள் வருகின்றன. அந்தப் புறாக்களின் நிலையில் உட்கார்ந்து படிக்க வேண்டிய நாவல்கள் இவை.

முதலில் சொல்ல வேண்டியது ஹென்றி ஜேம்ஸின் ‘தி டர்ன் ஆஃப் த ஸ்க்ரூ’. 1898ஆம் ஆண்டு ‘காலியர்ஸ் வீக்லி’ என்ற அமெரிக்க வார இதழில் தொடராக வந்தது. குறுநாவல்தான், வாக்கியங்கள் நீண்டு சுற்றிக்கொண்டே போனாலும் மூன்று மாலைகளில் முடித்துவிடலாம். இக்கதையின் விதையை ஜேம்ஸுக்குத் தந்தவர், 1895 ஜனவரியில் அவரிடம் ஓர் அரைகுறைப் பேய்க்கதையைச் சொன்ன காண்டர்பரி பேராயர் எட்வர்ட் வைட் பென்சன் என்பதை எப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். பெற்றோரை இழந்த மைல்ஸ், ஃப்ளோரா என்ற இரு குழந்தைகளுக்குப் பாடம் சொல்லவும் அவர்களைப் பார்த்துக்கொள்ளவும் பிளை என்ற கிராமத்து மாளிகைக்கு ஓர் இளம் ஆசிரியை வருகிறாள். லண்டனில் இருக்கும் குழந்தைகளின் பெரியப்பா அவளுக்கு விதித்த நிபந்தனை ஒன்றே: எது நடந்தாலும் தன்னைத் தொந்தரவு செய்யக் கூடாது. இறந்துபோன பணியாள் பீட்டர் குவின்ட்டையும், தனக்கு முன் அங்கே வேலை செய்து இறந்துபோன ஆசிரியை மிஸ் ஜெசலையும் அவள் பார்க்கிறாள்; அவர்கள் குழந்தைகளைத் தேடி வருகிறார்கள் என்று முடிவு செய்கிறாள்.

எப்போது பார்க்கிறாள் என்பதைக் கவனிக்க வேண்டும். கோபுரத்தின் மேல் குவின்ட் முதன்முதலில் தென்படுவது ஜூன் மாதத்தின் நீண்ட அந்தியில், அவள் தோட்டத்தில் தனியாக உலவிக்கொண்டு, இந்நேரம் யாராவது எதிரே வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று கனவு கண்டுகொண்டிருக்கும்போது. மிஸ் ஜெசல் ஏரியின் மறுகரையில் நிற்பது பகலில். பேய்க்கு இருள் வேண்டும் என்ற வழக்கத்தை ஜேம்ஸ் முதலிலேயே கைவிட்டுவிடுகிறார். பிறகு பருவம் மாறுகிறது. இலையுதிர்காலம் பிளையின் மேல் வந்து விழுந்து தங்கள் விளக்குகளில் பாதியை அணைத்துவிட்டதாக அவள் எழுதுகிறாள். சாம்பல் வானமும் உதிர்ந்த சருகுகளுமாகக் கிடக்கும் அந்த இடம், ஆட்டம் முடிந்து கசங்கிய துண்டுப் பிரசுரங்கள் இறைந்துகிடக்கும் நாடகக் கொட்டகையைப் போல அவளுக்குத் தோன்றுகிறது. இலையுதிர்காலத்தைப் பற்றி நான் படித்த வரிகளில் இவற்றுக்கு இணை சொல்லத் தெரியவில்லை. நாடகம் முடிந்துவிட்டது என்றால் இனி மேடையில் நடமாடுபவர்கள் யார் என்ற கேள்வி அதற்குள் ஒளிந்திருக்கிறது.

பேய்களைப் பார்த்ததாகச் சொல்பவள் ஆசிரியை ஒருத்தி மட்டுமே. 1934ஆம் ஆண்டு அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பேய் என்று எதுவும் இல்லை, எல்லாம் அடக்கிவைத்த ஆசையால் அவள் மனம் உண்டாக்கிய தோற்றங்கள் என்று வாதிட்டது. எதிர்த்தரப்பும் சளைத்ததில்லை: குவின்ட் என்று ஒருவன் இருந்ததே தெரியாத நிலையில் அவள் சொன்ன அடையாளங்களைக் கேட்டு, வீட்டைக் கவனித்துக்கொள்ளும் மிசஸ் குரோஸ் அவனை இனங்கண்டது எப்படி என்று கேட்கிறார்கள். இரண்டு தரப்புமே வாசகருக்கு ஓர் ஆறுதலை வழங்குகின்றன என்பது என் எண்ணம். பேய் உண்டு என்றால் அவள் காவலாளி. இல்லை என்றால் நோயாளி. எதையாவது ஒன்றைத் தேர்ந்துகொண்டால் புத்தகத்தை மூடிவிட்டுத் தேநீர் போடப் போகலாம். தீமை இன்னதென்று தான் விவரிக்காமல் விட்டு, அதை வாசகரே எண்ணிக்கொள்ளும்படி செய்ததுதான் தன் உத்தி என்று 1908ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் ஜேம்ஸே சொல்லியிருக்கிறார். மைல்ஸைப் பள்ளியிலிருந்து அனுப்பியதற்கான காரணத்தைக் கடிதம் சொல்லாது. காரணத்தை நாம் இட்டு நிரப்புவோம். இரண்டாம் முறை வாசித்தபோதுதான், அந்தப் பத்து வயதுச் சிறுவனைப் பற்றி நான் நினைத்துவைத்திருந்த அசிங்கங்களில் ஒன்றுகூடப் பக்கத்தில் அச்சாகியிருக்கவில்லை என்பதைக் கண்டேன். புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அடுத்தது அமெரிக்க எழுத்தாளர் ஷெர்லி ஜாக்சனின் ‘தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’ (1959). இதை இலையுதிர்கால நாவல் என்று எல்லாரும் பரிந்துரைக்கிறார்கள். கதை நடப்பதோ கோடையில். அதனால் கெட்டுப்போவது எதுவும் இல்லை. எலினோர் வான்ஸுக்கு முப்பத்திரண்டு வயது. நோயுற்ற தாயைப் பதினொரு ஆண்டுகள் பார்த்துக்கொண்டு, தாய் இறந்தபின் அக்காள் வீட்டில் ஒண்டிக்கொண்டிருப்பவள். பேய் வீடுகளை ஆராயும் டாக்டர் மான்டேகு அழைத்தார் என்று, அக்காளோடு சேர்ந்து வாங்கிய காரை அவளுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். வழியில் ஓர் உணவகத்தில், அடியில் நட்சத்திரங்கள் உள்ள தன் கோப்பையில் கொடுத்தால்தான் பால் குடிப்பேன் என்று அடம்பிடிக்கும் சிறுமியைப் பார்க்கிறாள். விட்டுக்கொடுத்துவிடாதே என்று மனதுக்குள் அவளிடம் மன்றாடுகிறாள். ஹில் ஹவுஸுக்கு வந்தபின், தன் சொந்த வீட்டில் அப்படியொரு நட்சத்திரக் கோப்பை இருந்ததாகப் புதிய தோழி தியோடோராவிடம் சொல்கிறாள். அவளுக்கு வீடும் இல்லை, கோப்பையும் இல்லை. வழியில் கண்ட பொருட்களைக் கொண்டு தனக்கொரு வாழ்க்கையைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். நமக்கு அவள் மேல் இரக்கம் சுரக்கிறது, அவள் பொய் சொல்கிறாள் என்பதை மன்னித்துவிடுகிறோம், அந்த மன்னிப்பின் வழியாகத்தான் வீடு உள்ளே நுழைகிறது.

வீட்டின் எந்த மூலையும் நேர்கோணமில்லை, ஒவ்வொன்றும் இம்மியளவு பிசகியிருப்பதால் கதவுகள் தாமாகச் சாத்திக்கொள்கின்றன என்று டாக்டர் விளக்குகிறார். சமையல் செய்யும் மிசஸ் டட்லி ஆறு மணிக்கு உணவை எடுத்துவைத்துவிட்டு, இருட்டுவதற்கு முன் கிளம்பிவிடுவேன், நீங்கள் கூப்பிட்டாலும் யாருக்கும் கேட்காது என்று ஒப்பிக்கிறாள். இவையெல்லாம் நகைச்சுவையாகவே சொல்லப்படுகின்றன. ஜாக்சன் நம்மைச் சிரிக்கவைத்துக்கொண்டே அழைத்துப்போகிறார். ஓரிரவு இருட்டில், பக்கத்து அறையில் குழந்தை அழும் ஒலி கேட்க, எலினோர் தியோடோராவின் கையை இறுகப் பற்றிக்கொண்டு படுத்திருக்கிறாள். விளக்கு எரிந்ததும் தியோடோரா அறையின் மறுபக்கம் தன் கட்டிலில் இருப்பது தெரிகிறது. அவ்வளவு நேரம் தான் பற்றியிருந்தது யாருடைய கை என்று எலினோர் அலறுகிறாள். ஜாக்சன் அதற்கு விடை சொல்லவில்லை.

அவர் எழுதி முடித்த கடைசி நாவலான ‘வி ஹாவ் ஆல்வேஸ் லிவ்ட் இன் த காஸில்’ (1962), என் கணிப்பில், அவருடைய உச்சம். பதினெட்டு வயது மெரிகாட், அக்காள் கான்ஸ்டன்ஸ், சக்கர நாற்காலியில் இருக்கும் ஜூலியன் சித்தப்பா ஆகியோரைத் தவிரக் குடும்பத்தில் மற்ற நால்வரும் ஆறு ஆண்டுகளுக்கு முன் சர்க்கரையில் கலந்த ஆர்சனிக்கால் இறந்துவிட்டார்கள். ஊரார் கான்ஸ்டன்ஸ்தான் கொலைகாரி என்று நம்புகிறார்கள், நீதிமன்றம் விடுவித்தபின்னும். மெரிகாட் பூமியில் பொருட்களைப் புதைத்தும், மரத்தில் புத்தகத்தை ஆணியடித்தும் வீட்டுக்குக் காப்புக் கட்டுகிறாள். இந்த நாவலில் பேய் இல்லை. கான்ஸ்டன்ஸின் சமையலறையில் காய்கறியும் ஊறுகாய்ப் புட்டிகளும் அத்தனை அழகோடு அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த வீட்டில் ஓர் இடம் கிடைத்தால் போதும் என்று நமக்கே தோன்றிவிடுகிறது. நஞ்சு வைத்தவர் யார் என்பது பாதியிலேயே ஊகிக்கக்கூடியதுதான். ஊகித்த பின்னும் நாம் அணி மாறுவதில்லை; வெளியிலிருந்து வந்து வீட்டின் ஒழுங்கைக் குலைக்கும் சார்லஸ் என்ற உறவினனைத்தான் வெறுக்கிறோம். அவன் பேராசைக்காரன்தான், ஆனால் யாரையும் கொன்றவன் அல்லன்.

டாஃப்னே டு மோரியரின் ‘ரெபெக்கா’வை (1938) வாசிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம். பெயரே சொல்லப்படாத ஓர் இளம்பெண், மான்டர்லி மாளிகைக்கு இரண்டாம் மனைவியாக வருகிறாள். இறந்த முதல் மனைவியின் நினைவை வேலைக்காரி மிசஸ் டான்வர்ஸ் கட்டிக்காக்கிறாள். இதைக் காதல் கதை என்று விற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ரெபெக்காவைத் தானே சுட்டுக் கொன்றதாகக் கணவன் ஒப்புக்கொள்ளும்போது, அவன் அவளை ஒருபோதும் நேசிக்கவில்லை என்பது ஒன்றுதான் கதைசொல்லியின் காதில் விழுகிறது. அவள் மகிழ்கிறாள், அவன் அகப்படாமல் தப்ப வேண்டுமே என்று அதற்குப்பின் நாமும் பதைக்கிறோம். 1940இல் ஹிட்ச்காக் இதைப் படமாக்கியபோது, கொலைகாரன் தண்டனையின்றித் தப்புவதை அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிகள் அனுமதிக்காததால், சாவை விபத்தாக மாற்ற வேண்டியதாயிற்று. நாவல் வாசகரிடம் எதைச் செய்யவைக்கிறது என்பது தணிக்கைக்காரர்களுக்குப் புரிந்த அளவுக்கு விற்பனையாளர்களுக்குப் புரியவில்லை.

‘டிராகுலா’ எங்கே என்று சிலர் கேட்பீர்கள். இங்கிருந்து ஒருநாள் பயணமாகப் போய்வரக்கூடிய விட்பி கடற்கரைக்கு அதன் ஆசிரியர் பிராம் ஸ்டோக்கர் 1890இல் வந்து தங்கியிருந்தார். 199 படிகளும், குன்றின் மேல் சிதைந்த மடாலயமும் இன்றும் அங்கே இருக்கின்றன, நவம்பர்க் காற்றில் ஏறிப் பார்க்க வேண்டியவை. நாவலின் முதல் நான்கு அத்தியாயங்களும், செத்த மாலுமியின் கை சுக்கானோடு கட்டப்பட்டிருக்க ஆளில்லாமல் கரையேறும் கப்பலும் அபாரம். அதன்பின் நல்லவர்கள் ஒன்றுகூடிக் கெட்டவனைத் துரத்துகிறார்கள், ரயில் நேர அட்டவணையோடு. அது தொல்காப்பியர் சொன்ன நான்கில் முதலாவது; அதிலே பிணக்கம் இல்லை. நம்மிடமிருந்து ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றால் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யைச் சேர்ப்பேன். அது சிறுகதையாக நின்றுவிட்டது என்பது மட்டுமே என் குறை.

சென்ற ஆண்டு கடிகாரம் மாற்றிய வாரத்தில் ஹில் ஹவுஸை ஒரு நண்பருக்குக் கொடுத்தேன். அவர் கடைமேசை நாவல்களில் ஊறியவர். பத்து நாளில் திருப்பித் தந்துவிட்டார். கடைசிவரை ஒன்றுமே நடக்கவில்லையே, பேய் எங்கேயும் வரவில்லையே என்று சலித்துக்கொண்டார். நான் மறுத்துப் பேசவில்லை. டிசம்பர் தொடக்கத்தில் ஒருநாள், பிற்பகல் நான்கு மணி இருக்கும், வெளியே நன்றாக இருட்டிவிட்டிருந்தது, தொலைபேசியில் அழைத்தார். வேறு ஏதோ இரண்டு விஷயங்களைப் பேசிவிட்டு, அந்தக் கை யாருடையது என்று எனக்காவது தெரியுமா என்று கேட்டார்.