அது வேறு, இது வேறு

சண்முகம்: ஐயோ! கமலா! கால்! கால்!

கமலா: இன்றைக்கு எந்தக் கால்?

சண்முகம்: இடது! கெண்டைச் சதை கல்லாட்டம் ஆகிவிட்டது. நரம்பு சுண்டி இழுக்கிறது!

கமலா: நரம்பு இல்லை, சதை. முழங்காலை மடக்காமல் நீட்டி, பாதத்தை உங்கள் முகத்துப் பக்கமாக இழுங்கள். அட, முகத்தைக் கொண்டுபோய்க் காலில் வைக்கச் சொல்லவில்லை!

சண்முகம்: அப்பாடா... விட்டுவிட்டது. பார், போய்விட்டது. இதற்குப் போய் டாக்டரா?

கமலா: நேற்று ராத்திரியும் இதைத்தான் சொன்னீர்கள்.

சண்முகம்: நேற்று வலது கால். அது வேறு, இது வேறு.

கமலா: முந்தாநாள்?

சண்முகம்: அது பாதம். அதுவும் வேறு.

கமலா: மூன்று மாதமாக வாரத்துக்கு மூன்று, நாலு ராத்திரி கூப்பாடு போடுகிறீர்கள். எழுந்து வருகிற நான் மட்டும் ஒரே ஆள்தான்.

சண்முகம்: எப்போதாவது பிடித்தால் டாக்டர் தேவையில்லை என்று சொன்னது யார்?

கமலா: நான்தான். எப்போதாவது என்றேன். எப்போதும் என்று சொல்லவில்லை.

சண்முகம்: தண்ணீர் போதாமல் இருக்கும். அதற்குத்தானே நிறையக் குடிக்கிறேன்.

கமலா: ஆமாம். முன்பு காலுக்கு ஒரு தடவை எழுந்தீர்கள். இப்போது காலுக்கு ஒன்று, பாத்ரூமுக்கு இரண்டு.

சண்முகம்: வீடியோவில் சொன்னார்களே என்று காலுக்கடியில் சோப்புகூட வைத்துப் பார்த்தேன்.

கமலா: சோப்பு நன்றாகத் தூங்கியது.

சண்முகம்: என்னோடு வேலை பார்த்தவர் கொய்னா மாத்திரை போடச் சொல்கிறார். மலேரியாவுக்குக் கொடுப்பார்களே, அது.

கமலா: கால் பிடிப்புக்கு அதைப் போடாதீர்கள் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2006-லேயே எச்சரித்தாயிற்று. இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், ரத்தம் உறைய உதவுகிற தட்டணுக்கள் குறையலாம். உங்கள் காலைப் பற்றி உலகத்துக்கே தெரிந்திருக்கிறது. தெரியாத ஒரே ஆள் டாக்டர்தான்.

சண்முகம்: அங்கே போனால் இந்தக் கால் நல்ல பிள்ளையாட்டம் தொங்கிக்கொண்டிருக்கும். எதைக் காட்டுவது?

கமலா: இந்த நோட்டைக் காட்டுங்கள். தேதி, மணி, எந்தக் கால், எத்தனை நிமிடம். இன்றையதோடு 43.

சண்முகம்: நீ எதற்கு இதையெல்லாம் எழுதினாய்?

கமலா: எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்பார். நீங்கள் 'ரெண்டு நாளாத்தான் சார்' என்பீர்கள்.

(இதை எழுதுகிறவர் சொல்வது: டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும்வரை ஆறு மாதக் கதையைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் விலாவாரியாகச் சொல்வார்கள். உள்ளே போனதும் அது இரண்டு நாளாகச் சுருங்கிவிடும். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்!)

சண்முகம்: சரி, அவசரமாக ஓட வேண்டியது எப்போது? அதைச் சொல், அப்போது போகிறேன்.

கமலா: பத்து நிமிடம் நீட்டி மடக்கியும் விடாவிட்டால் போக வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி, சிவந்து, தொட்டால் சூடாக இருந்தால் அன்றைக்கே. அது வெறும் பிடிப்பாக இல்லாமல், உள்ளே ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். கால் மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, சதை வற்றினாலோ தள்ளிப்போடக் கூடாது.

சண்முகம்: எனக்கு எதுவும் இல்லை. பார்த்தாயா?

கமலா: இன்னும் ஒன்று. நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் விட்டுவிடுகிறதா? காலுக்குப் போகிற ரத்தக்குழாய் சுருங்கியிருந்தால் அப்படி வரும்.

சண்முகம்: தெரியவில்லையே.

கமலா: எப்படித் தெரியும், நடந்தால்தானே?

சண்முகம்: கமலா!

கமலா: ரத்த அழுத்த மாத்திரையை எப்போது மாற்றினார்கள்?

சண்முகம்: மூன்று மாதம் இருக்கும்.

கமலா: கால் இழுக்க ஆரம்பித்து?

சண்முகம்: மூன்று மா... அது வேறு, இது வேறு.

கமலா: பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் படித்தேன். உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றுகிற மாத்திரையாம். கூடவே பொட்டாசியமும் போகலாம், தசைப்பிடிப்பு வரலாம் என்று போட்டிருக்கிறது.

சண்முகம்: அப்படியா! இன்றோடு அந்த மாத்திரையை நிறுத்திவிடுகிறேன்.

கமலா: இதற்கு மட்டும் எவ்வளவு வேகம்! நீங்களாக நிறுத்தினால் அழுத்தம் ஏறும். காரணம் மாத்திரையா, தைராய்டா, சிறுநீரகமா என்று ரத்தத்தைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும்.

சண்முகம்: ஒரு கால் இழுத்ததற்கு இவ்வளவு பாடா?

கமலா: பிள்ளை உண்டாகியிருந்தபோது எனக்கும் இப்படித்தான் ராத்திரி ராத்திரி இழுத்தது. அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்?

சண்முகம்: காலை நீவி விட்டிருப்பேன்.

கமலா: திரும்பிப் படுத்தீர்கள்.

சண்முகம்: ...

கமலா: என்ன, சத்தத்தையே காணோம்?

சண்முகம்: டாக்டர் காலையில் எத்தனை மணிக்கு வருவார்?