நரம்பைச் சுடுவதற்கு முன்

என் அண்ணன் நான்கு வகை பிரஷர் மாத்திரைகள் சாப்பிடுகிறார். அப்படியும் மேல் அளவு 160க்குக் கீழே இறங்க மறுக்கிறது. மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லையா என்று யாராவது கேட்கும்போதெல்லாம் அவர் முகம் வாடிவிடும். சிறுநீரக நரம்பைச் சுடும் சிகிச்சைக்குப் போகலாமா என்று அவர் போன வாரம் கேட்டார். போங்கள் என்றோ வேண்டாம் என்றோ சட்டென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சிறுநீரகத்துக்குச் செல்லும் தமனியின் வெளிப்புறத்தைச் சுற்றி, உடலைப் பரபரப்பு நிலைக்குத் தூண்டும் பரிவு நரம்புகள் ஓடுகின்றன. அவை ஓயாமல் தூண்டப்பட்டால் சிறுநீரகம் உப்பைத் தேக்கிக்கொள்ளும், அழுத்தத்தை உயர்த்தத் தூண்டும் ரெனின் என்ற நொதியைச் சுரக்கும், ரத்த அழுத்தம் ஏறும். தொடை வழியே மெல்லிய குழாயை விட்டு, தமனிக்குள் இருந்தபடியே வெப்பத்தால் அந்த நரம்புகளைச் செயலிழக்கச் செய்கிறார்கள். எண்ணம் பழையதுதான். நல்ல மருந்துகள் வருவதற்கு முன்பு, 1930களிலும் 40களிலும், உடலைத் திறந்தே பரிவு நரம்புகளை வெட்டினார்கள். அழுத்தம் இறங்கியது. ஆனால் எழுந்து நின்றாலே பலருக்குத் தலைசுற்றியது.

குழாய் வழிச் சிகிச்சையின் தொடக்க ஆய்வுகளில் மேல் அளவு 30 புள்ளிகள் வரை குறைந்ததாகச் செய்தி வந்ததும் மருத்துவ உலகமே பரவசப்பட்டது. பிறகு 2014இல், 535 பேரை வைத்து நடந்த அமெரிக்க ஆய்வு வெளியானது. அதில் ஒரு பகுதியினருக்குக் குழாயை மட்டும் செலுத்திப் படம் எடுத்தார்கள், நரம்பைத் தொடவில்லை. நரம்பு சுடப்பட்டவர்களுக்குச் சுமார் 14 புள்ளி குறைந்தது. சுடப்படாதவர்களுக்கும் சுமார் 12! அந்த முடிவை மறைக்காமல் வெளியிட்டவர்கள்மீது எனக்குப் பெரும் மரியாதை. அந்த ஒப்பீடு இல்லாதிருந்தால், மருத்துவரின் தொடர் கண்காணிப்பால் வந்த பலனையும் நாம் நரம்பின் கணக்கில் எழுதியிருப்போம்.

பின்னர் கருவிகள் மேம்பட்டன. தமனியின் கிளைகளிலும் சுடத் தொடங்கினார்கள். போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட புதிய ஆய்வுகள் சிலவற்றில் சில புள்ளிகள் கூடுதலாகக் குறைவது உறுதியானது. 2023 நவம்பரில் அமெரிக்கா இரண்டு கருவிகளுக்கு அனுமதி தந்தது. சில புள்ளிதானா என்று அலட்சியப்படுத்தக் கூடாது. மேல் அளவு 5 புள்ளி குறைந்தாலே மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் பாதிப்புகள் பத்தில் ஒரு பங்கு குறைகின்றன.

எனக்குக் கோபம் வருவது, இதை மாத்திரையிலிருந்து விடுதலை என்று யாராவது சொல்லும்போதுதான். பெரும்பாலோர் மாத்திரையைத் தொடர வேண்டியிருக்கிறது. சிலருக்கு எந்த மாற்றமும் இருப்பதில்லை. யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல நம்பகமான வழி இல்லை. நரம்பு போதுமான அளவு சுடப்பட்டதா என்று சிகிச்சை மேசையிலேயே உறுதிப்படுத்தும் எளிய சோதனையும் இல்லை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது இவை அத்தனையையும் நோயாளியிடம் சொல்லியாக வேண்டும்.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. 24 மணி நேரம் அளந்தாலும் அழுத்தம் அதிகமாகத்தான் இருக்கிறதா? அன்றாடம் போடும் வலிமாத்திரை அதை ஏற்றுகிறதா? குறட்டையோடு மூச்சும் தடைபடுகிறதா? சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி, உப்பைத் தேக்கவைக்கும் ஆல்டோஸ்டீரான் என்ற ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கிறதா? மூன்று மருந்துக்கும் அடங்காதவர்களுக்கு நான்காவதாக, ஆல்டோஸ்டீரானின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் என்ற மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்று 2015லேயே ஓர் ஆய்வு காட்டிவிட்டது.

அண்ணனின் மருத்துவக் குறிப்புகளை நேற்று இரவு முழுவதும் புரட்டினேன். இத்தனை ஆண்டுகளில் ஆல்டோஸ்டீரான் சோதனை ஒருமுறைகூடச் செய்யப்படவில்லை. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது முதலில் அதைத்தான் கேட்கப்போகிறோம்.