தெரிந்த சொல் ஏன் காதுக்குப் பிடிபடுவதில்லை?

"எழுதிக் காட்டினால் புரிகிறது, பேசினால் ஒன்றும் பிடிபடவில்லை." வயது வந்தவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் என்னிடம் மிகுதியாக வரும் முறையீடு இதுதான். "நிறையக் கேளுங்கள், தானாக வந்துவிடும்" என்று நானும் பல ஆண்டுகள் பதில் சொல்லியிருக்கிறேன். அந்தப் பதில் பாதிதான் சரி என்று இப்போது கருதுகிறேன்.

குழந்தை முதலில் சொல்லைக் காதால் பெறுகிறது. எழுத்து பிறகு வருகிறது. வயது வந்த பின் கற்பவர் பெரும்பாலும் சொல்லைக் கண்ணால் பெற்று, எழுத்தைப் பார்த்துத் தாமே ஓர் ஒலியைக் கொடுத்து மனத்தில் வைத்துக்கொள்கிறார். ஆங்கில எழுத்தை நம்பி அப்படி ஒலி கொடுக்க முடியாது. 26 எழுத்துகளைக் கொண்டு ஏறத்தாழ 44 ஒலிகளைச் சமாளிக்கும் மொழி அது. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் இங்கிலாந்துக்கு அச்சுக்கலையைக் கொண்டுவந்த பின் எழுத்துமுறை மெல்ல மெல்ல உறைந்துவிட, நெட்டுயிர்களின் உச்சரிப்போ அதற்குப் பின்னும் மாறிக்கொண்டே போயிற்று. கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லில் ஒலிக்காமல் நிற்கும் 'பி' என்ற எழுத்து, இலத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகப் பிற்காலத்தில் செருகப்பட்டது. மனத்தில் பதிந்த ஒலி ஒன்றாகவும் காதில் விழும் ஒலி வேறாகவும் இருக்கும்போது, தெரிந்த சொல்லே தெரியாத சொல்லாகிவிடுகிறது.

தனிச்சொல்லின் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டாலும் சிக்கல் தீர்வதில்லை. ஏனெனில் பேச்சில் சொற்கள் புணர்கின்றன. 'மரம்' என்பதோடு 'கள்' சேரும்போது மகரம் ஙகரமாகத் திரிகிறது அல்லவா? அடுத்து வரும் ஒலிக்கு வாய் முன்கூட்டியே ஆயத்தமாகும் அதே காரணத்தால்தான் விரைந்த பேச்சில் 'க்ரீன் பேக்' என்பது 'க்ரீம் பேக்' என்று கேட்கிறது. மெய்யின்மேல் உயிர் ஏறி 'அன் ஆப்பிள்' என்பது 'அனாப்பிள்' ஆகிறது. 'நெக்ஸ்ட் டே' என்பதில் டகரம் கெட்டு 'நெக்ஸ் டே' ஆகிறது. 'கோ ஆன்' என்பதன் நடுவே மெல்லிய வகரம் உடம்படுமெய்யாகவே வந்து நிற்கிறது. தோன்றல், திரிதல், கெடுதல் என்று பள்ளியில் மனப்பாடம் செய்த நமக்கு இது புதிதன்று. தமிழ் இந்த மாற்றங்களைப் பெரும்பாலும் எழுதிக் காட்டிவிடுகிறது, ஆங்கிலம் எழுதிக் காட்டுவதில்லை. தடுமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. இதை வகுப்பில் சொல்லாமல் ஒலிப்பதிவை மட்டும் மீண்டும் மீண்டும் ஓடவிடும் ஆசிரியர், கேட்கக் கற்பிக்கவில்லை, தேர்வு நடத்துகிறார் என்றே சொல்வேன்.

குறுக்கமும் உண்டு. குற்றியலுகரம் மாத்திரை குறைந்து ஒலிப்பதைப் போல, 'டு', 'ஆஃப்', 'ஃபார்', 'அண்ட்' முதலிய சின்னஞ்சிறு சொற்கள் அழுத்தம் பெறாதபோது தேய்ந்துபோகின்றன. 'என்னால் முடியும்' என்னும் பொருளில் வரும் 'கேன்' வாக்கியத்தின் நடுவில் வெறும் 'கன்' என்று தேய, 'முடியாது' என்னும் எதிர்மறை வடிவமான 'கேன்ட்' மட்டும் முழு அழுத்தத்தோடு ஒலிக்கும். அதன் இறுதி டகரமோ பல சமயம் காதில் விழுவதே இல்லை. டகரத்தைத் தேடிக் காத்திருப்பவர் பொருளைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார். உயிரொலியின் அழுத்தத்தைக் கவனிக்கச் சொல்லிக்கொடுத்தால் சில நாட்களிலேயே இந்தப் பிழை குறைவதைப் பார்க்கிறேன்.

வாசிப்பிலும் இதற்கு உறவான ஒரு பழக்கம் உண்டு. 'நேற்று வந்தவரின் மகன் எழுதிய கடிதம்' என்று தமிழில் கடிதம் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் கடிதம் முதலில் வந்துவிட, அதைப் பற்றிய விவரம் பின்னால் தொடரும். ஆகவே நம்மவர் வாக்கியத்தின் இறுதிவரை போய், அங்கிருந்து பின்னோக்கித் திரும்பி மனத்துக்குள் மொழிபெயர்க்கிறார். தாளில் இது மெதுவாகவேனும் நடக்கும். பேச்சில் நடக்காது, திரும்பிப் பார்ப்பதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிடும். எனவே வாசிக்கும்போதே வாக்கியத்தைத் தொடர் தொடராகப் பிரித்து, வந்த வரிசையிலேயே பொருள் கொள்ளப் பழகினால், அந்தப் பழக்கம் கேட்பதற்கும் உதவுகிறது.

எதை வாசிப்பது என்பதில் தவறான அறிவுரைகள் மலிந்திருக்கின்றன. தொடக்க நிலையில் இருப்பவரிடம் ஆங்கிலச் செய்தித்தாளைக் கொடுப்பது அவற்றில் முதன்மையானது. நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் 2006இல் வெளியிட்ட கணக்கின்படி, நாவலையோ செய்தித்தாளையோ துணையின்றிப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்களும் (ஓர் அடிச்சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்), பேச்சைப் புரிந்துகொள்ள 6,000 முதல் 7,000 சொற்குடும்பங்களும் வேண்டும். ஐம்பது சொற்களுக்கு ஒன்று மட்டுமே தெரியாததாக இருக்கவேண்டும் என்ற அளவை வைத்துப் போட்ட கணக்கு அது. வரிக்கு இரண்டு முறை அகராதியைப் புரட்டுகிறவர் வாசிக்கவில்லை, தோண்டுகிறார். படிநிலைப்படுத்தி எளிய ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நூல்களை ஐம்பது வயதில் எடுப்பது சிலருக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கூச்சத்தைப் போக்குவதும் ஆசிரியரின் வேலைதான்.

என் வகுப்பில் இப்போது ஒரு நிமிடத்துக்கும் குறைவான ஒலிப்பதிவையே எடுத்துக்கொள்கிறோம். முதலில் எழுத்து வடிவத்தைப் பாராமல் கேட்டு, காதில் விழுந்ததை விழுந்தபடியே எழுதவேண்டும். பிறகு எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு பிழைக்கும் காரணம் தேடவேண்டும்: சொல்லே தெரியாதா, தெரிந்த சொல் புணர்ச்சியில் மறைந்ததா, கேட்டும் நினைவில் நிற்கவில்லையா? மூன்றுக்கும் மருந்து வேறு. அதன்பின் எழுத்தைப் பார்த்தபடி ஒருமுறையும் பாராமல் ஒருமுறையும் கேட்கிறோம். வேகத்தைக் குறைப்பதைவிடத் தொடருக்குத் தொடர் நிறுத்திக் கேட்பது நல்லது. சொல் சொல்லாகப் பிரித்து மெதுவாகப் பேசினால், பழகவேண்டிய புணர்ச்சியே காணாமல் போய்விடும். தமிழ் சப்டைட்டிலோடு படம் பார்ப்பது பொழுதுபோக்கு, பயிற்சி அன்று. கண் படித்துக்கொண்டிருக்கும்போது காது ஓய்வெடுத்துக்கொள்ளும்.

(இத்தனைக்கும் முன்பாக, நடுவயதைக் கடந்தவர்கள் கண்ணையும் காதையும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிக்கொள்வது நல்லது.)

சென்ற வாரம் நான்கே வாக்கியங்களில் நாற்பது நிமிடம் கழிந்தது. ஒருவர் தம் தாளைப் பார்த்து, "எனக்குத் தெரியாத சொல் இதில் இரண்டுதான், தவறவிட்டது பதினொன்று" என்றார். மற்ற ஒன்பதுக்கும் அவரே அடிக்கோடிட்டு, எங்கே என்ன கெட்டது, எது திரிந்தது என்று ஓரத்தில் எழுதத் தொடங்கினார்.