துத்தநாகத்துக்குப் பெயின்ட் அடித்தவர்

(தூத்துக்குடி, திரேஸ்புரம் கடற்கரை. ஃபைபர் போட்டின் பின்னால் இன்ஜினைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள்.)

சூசை: அண்ணாச்சி, ப்ரொப்பல்லரைப் பாருங்கள், பொரிப்பொரியாக அரித்துக் கிடக்கிறது. அலுமினியம் என்று சொல்லித் தகரத்தைத் தந்துவிட்டான்!

அந்தோணி: அலுமினியம்தான். முதலில் இன்ஜினை நிறுத்துகிற கில் சுவிட்ச் கயிற்றைக் கழற்று. நான் கையை விட்ட நேரம் பார்த்து எவனாவது ஸ்டார்ட் பண்ணினால் விரல் மிஞ்சாது. ஏலே, நட்டில் ஸ்ப்ளிட் பின் எங்கே, ஆணியைச் செருகி வைத்திருக்கிறாய்?

சூசை: பின் கடலில் விழுந்துவிட்டது. ஆணியும் நன்றாகத்தான் பிடிக்கிறது.

அந்தோணி: அது துருப்பிடித்து முறிந்தால் அடுத்து ப்ரொப்பல்லர் விழும். (கழற்றுகிறார்) ஷாஃப்டில் இவ்வளவு தங்கூசி நரம்பு சுற்றிக் கிடக்கிறதா? இது ஆயில் சீல் ரப்பரை அறுத்து, கியர் ஆயிலில் உப்புத் தண்ணீர் இறங்கி, ஆயில் வெள்ளையாகக் கலங்கின பிறகுதான் என்னைத் தேடி வருவீர்கள்.

சூசை: அதை விடுங்கள், இந்தத் துத்தநாகக் கட்டியைப் பாருங்கள். வாங்கின அன்று இருந்த மாதிரியே இருக்கிறது! மூன்று கோட்டிங் பெயின்ட் அடித்துக் காப்பாற்றி வைத்திருக்கிறேன்.

அந்தோணி: அடப்பாவி! அது அரிபடத்தானே அங்கே வைத்திருக்கிறான். உப்புத் தண்ணீரில் அது முந்திக்கொண்டு கரைந்தால்தான் அலுமினியம் தப்பிக்கும். காவல்காரனைப் போர்வை போர்த்தித் தூங்க வைத்துவிட்டுத் திருடன் வந்தான் என்கிறாய். 1824-லேயே ஹம்ஃப்ரி டேவி என்ற வெள்ளைக்காரர், போர்க்கப்பலின் செம்புத் தகடு அரிக்காமல் இருக்க இரும்பையும் துத்தநாகத்தையும் சேர்த்துப் பார்த்தார். செம்பு பிழைத்தது, ஆனால் செம்பு கரையாததால் கொட்டலசு என்கிற ஓட்டுயிரும் பாசியும் அப்பிக் கப்பல் வேகம் செத்துப்போனது.

சூசை: அவ்வளவு படித்தவரே சொதப்பியிருக்கிறார், நான் எம்மாத்திரம்!

அந்தோணி: பேசாமல் பெயின்ட்டைச் சுரண்டு. கட்டி பாதி கரைந்ததும் புதுசு போடு. ஷாஃப்டுக்கு கிரீஸ் தடவு. கரைக்கு வந்ததும் பத்து நிமிடம் நல்ல தண்ணீர் விட்டு இன்ஜினை ஓட்டு.

சூசை: நல்ல தண்ணீரா? குழாயில் வருகிற நாலு குடத்தை இன்ஜினுக்கு ஊற்றினால் பெண்டாட்டி என்னைக் கடலில் தள்ளிவிடுவாள். அப்புறம், பெயின்ட்டையும் சுரண்ட முடியாது. கட்டி மேல் மச்சான் பெயரை எழுதியிருக்கிறேன். இன்ஜினுக்குக் கடன் கொடுத்தவர்.

அந்தோணி: எழுதினால் என்ன, கட்டியோடு சேர்ந்து கரையட்டும்.

சூசை: கடனும் சேர்ந்து கரையுமென்றால் ரெண்டு கட்டியாகப் போடுங்கள் அண்ணாச்சி!