கைதட்டியபோது என்ன நினைத்தீர்கள்?

முந்தாநாள் நம் குழுவில் பகிரப்பட்ட, வண்டியொன்று தாக்கப்பட்டு எரியும் காணொளி உண்மையான போர்க்காட்சியே அல்ல, ஆர்மா 3 என்ற கணினிப் போர் விளையாட்டின் பதிவு என்று தெரிந்ததும், "விளையாட்டுதானே, விட்டுத்தள்ளுங்கள்" என்று எல்லோரும் கலைந்துவிட்டீர்கள். என்னால் விட முடியவில்லை. ஏமாந்ததற்காக யாரையும் குறை சொல்லமாட்டேன். இந்த விளையாட்டின் காட்சிகள் போர்ச் செய்திகளாகப் பரவுவதைப் பற்றி அதைத் தயாரித்த நிறுவனமே 2022இல் எச்சரித்திருக்கிறது. ஆனால் வண்டிக்குள் இருந்தவர்கள் எரிந்துபோனார்கள் என்று மெய்யாகவே நம்பிய அந்த இரண்டு மணி நேரத்தில்தானே நீங்கள் கைதட்டினீர்கள்?

நானும் ஆடியவன்தான். 2007இல் வந்த கால் ஆஃப் டியூட்டி 4 விளையாட்டில், ஏசி-130 விமானத்தின் பீரங்கியை இயக்கும் ஒரு கட்டம் உண்டு. கறுப்பு வெள்ளைத் திரையில், கீழே ஓடுகிறவர்கள் சின்னஞ்சிறு வெள்ளை உருவங்களாகத் தெரிவார்கள். அவர்களின் அலறல் மேலே எட்டாது. அதை எத்தனை முறை ஆடினேன் என்பதற்குக் கணக்கில்லை. பல ஆண்டுகள் கழித்து, வானிலிருந்து எடுக்கப்பட்ட உண்மையான தாக்குதல் காட்சியொன்றைச் செய்தியில் பார்த்தேன். ஓடிய ஒருவர் விழுந்ததும் எனக்குள் எழுந்தது அதே திருப்தி. ஒரு நொடிதான். அன்றிரவு நான் தூங்கவில்லை.

"அப்படியானால் விளையாடுகிறவர்கள் எல்லாம் கொலைகாரர்களா?" என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவேயில்லை. அவர்கள் கை யாரையும் சுடாது. ஆனால் போர் என்றதும் மனம் சுடுகிறவரின் இருக்கையில் போய் உட்கார்ந்துகொள்ளும். "திரைப்படத்திலும் இதுதானே?" திரைப்படத்தில் விசையை அழுத்துவது நாமல்ல. விளையாட்டின் வலிமை தெரியாமலா அமெரிக்க ராணுவம் ஆள்சேர்ப்புக்கென்றே 2002இல் ஒரு விளையாட்டை வெளியிட்டு, 20 ஆண்டுகள் நடத்தியது?

கீழே இருப்பவரின் பக்கத்தையும் விளையாட்டால் காட்ட முடியும். போஸ்னியப் போரில் நடந்த சரயேவோ நகர முற்றுகையை மனத்தில் கொண்டு 2014இல் உருவான 'திஸ் வார் ஆஃப் மைன்' விளையாட்டில் நாம் படைவீரர்கள் அல்லர். இடிந்த வீட்டில் பசியோடு ஒளிந்திருக்கும் சாதாரண மக்கள். ஒரு முதிய தம்பதியின் வீட்டிலிருந்து நான் மருந்தைத் திருடினேன். மறுநாள் என் ஆட்கள் மனமுடைந்துபோனார்கள். யாரையும் சுடாமலேயே நான் குற்றவாளியாக நின்றேன்.

இதையெல்லாம் சொன்னதற்குத்தான் என்னைக் கோழை என்று எழுதினீர்கள், அதுவும் என்னோடு சேர்ந்து ஆடி வளர்ந்தவர்களே. இருக்கட்டும். அந்தக் காணொளியின் கீழ் நீங்கள் இட்ட கைதட்டல்கள் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன, ஒருவர்கூட நீக்கவில்லை.