எந்த ரகம் என்று சொல்லி விற்றால் என்ன?

"அலுமினியத்துல என்ன சார் ரகம், எல்லாம் ஒண்ணுதான்" என்று உலோகக் கடைகளில் கிடைக்கும் பதிலை இனியும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஏரோமாடலிங்குக்காக, அதாவது பறக்கும் குட்டி விமானங்களுக்காக, வீட்டு லேத்தில் 2.5 சிசி டீசல் எஞ்சினைக் கடைந்தெடுப்பவனுக்கு அது பதிலே அல்ல. ஏறக்குறைய தூய அலுமினியமான 1100 என்ற ரகம் டூல் முனையில் அப்பிக்கொண்டு, கடைந்த பரப்பைப் பிய்த்து வைக்கும். பதப்படுத்திய 6061 சுத்தமாக வெட்டுப்படும். பிஸ்டனைக் கிராங்க்ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுக்கோ 2014 அல்லது 2024 ரகம் வேண்டும். இவை எல்லாமே கண்ணுக்கு ஒரே வெள்ளைதான். இரும்பையாவது கிரைண்டரில் வைத்துப் பொறியைப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம், அலுமினியத்தில் அந்தப் பொறியும் வராது.

கிராங்க்ஷாஃப்டுக்கு ஈஎன் 24 என்ற உறுதியான எஃகு கேட்டால், கையில் இருக்கும் எம்.எஸ். என்ற சாதாரண மென் எஃகுத் துண்டை வெட்டிக் கொடுத்து அதே விலையை வாங்குகிறார்கள். இது அறியாமை அல்ல, ஏமாற்று.

பிஸ்டனுக்கான வார்ப்பிரும்புதான் என்னை மிகவும் வதைக்கிறது. 15 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 14 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) கொண்ட இந்த எஞ்சினில் பிஸ்டனுக்கு இடைவெளியை அடைக்கும் ரிங் கிடையாது. லைனர் என்னும் சிலிண்டரின் உள்குழாய்க்குள் சில மைக்ரான் இடைவெளியில் பொருந்தும்வரை அதை லேப்பிங் செய்தே, அதாவது நுண்ணிய பொடியால் தேய்த்தே தீர வேண்டும், ஏனென்றால் ஈதர் கலந்த எரிபொருளைப் பற்றவைப்பது அழுத்தத்தால் எழும் சூடு ஒன்றுதான், அந்த அழுத்தம் கசிந்தால் புரொப்பெல்லரை எத்தனை முறை சுண்டினாலும் எஞ்சின் உயிர் பெறாது. வேகமாகக் குளிர்ந்து ஆங்காங்கே இறுகிப்போன பழைய வார்ப்புத் துண்டில் இந்த வேலை நடக்குமா? டூல் முனை உடைகிறது, பல மாலைகளின் உழைப்பு குப்பைக்குப் போகிறது. இத்தனை ஃபவுண்டரிகள் உள்ள கோயம்புத்தூரிலேயே, ரகம் தெரிந்த வார்ப்பிரும்புக் கம்பி அரை அடி கேட்டால், "முழுக் கம்பியா எடுங்க, இல்லேன்னா ஸ்கிராப்புல பாருங்க" என்கிறார்கள்.

ரகத்தை அடையாளம் காட்டக் கம்பியின் முனையில் பெயின்ட் பூசியே பெரும்பாலும் அனுப்புகிறார்கள். கடைக்காரர் அந்த முனையையே முதலில் அறுத்து விற்றுவிட்டு, மிச்சத்தைப் பெயரில்லாமல் மூலையில் சாய்த்து வைக்கிறார். மறு முனையிலிருந்து அறுக்கட்டும். அறுத்த துண்டின் மேல் ரக எண்ணை மார்க்கரால் எழுதட்டும். பில்லிலும் அதையே குறிக்கட்டும். அதற்குக் கூடுதலாகப் பணம் கேட்டாலும் தருகிறேன். துண்டு வாங்குபவன்தானே என்று ரகம் தெரியாத உலோகத்தை இனி என் தலையில் கட்ட வேண்டாம்.