கோர்ஷம் சுரங்கங்களும் பழைய லாரி கம்பெனிகளும்

இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் உள்ள கோர்ஷம் சுரங்கங்களை வெறும் போர்க்கால வெடிமருந்துக் கிடங்காக மட்டும் உங்கள் கட்டுரை காட்டியிருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் நடந்ததையும் சொல்லியிருக்கலாம். அவை முதலில் பாத் கல் என்ற கட்டடச் சுண்ணாம்புக்கல்லை வெட்டியெடுத்த குவாரிகள். இரண்டாம் உலகப் போர் நெருங்கிய 1930களில்தான் ராணுவம் அவற்றை எடுத்துக்கொண்டது. மாங்க்டன் ஃபார்லி பகுதிக்கு ரயிலில் வந்த குண்டுகளை, மண்ணுக்கடியில் ஒரு மைலுக்கு மேல் ஓடிய கன்வேயர் பெல்ட் உள்ளே கொண்டுபோனது. என்ன ஒரு வேலை! அதே வளாகத்தின் ஈஸ்ட்லேஸ் பகுதியில், சுமார் 100 அடி ஆழத்தில், இன்று விலையுயர்ந்த ஒயின் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. வருடம் முழுக்க ஒரே குளிர்ச்சி, வெளிச்சமும் படாது. ஒயினுக்கு வேறென்ன வேண்டும்?

கிடங்கு என்றதும் பழைய லாரி கம்பெனி ஒன்றும் ஞாபகம் வருகிறது. அதே வில்ட்ஷயரின் ஸ்விண்டன் நகரில் என்னோடு கிடங்கில் வேலை பார்த்த ஒரு பெரியவர் முன்பு பிரிட்டிஷ் ரோடு சர்வீசஸ் என்ற அரசு நிறுவனத்தின் லாரி ஓட்டியவர். அந்தப் பெயரைச் சொல்லும்போதே அவர் முகம் மலரும். 1947 போக்குவரத்துச் சட்டத்தின்படி ஆயிரக்கணக்கான லாரி கம்பெனிகளை அரசு வாங்கி ஒன்றாக்கியதில் உருவானது அது. அப்புறம் அது நேஷனல் ஃபிரெய்ட் கார்ப்பரேஷன் என்ற அரசு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்துக்குள் போய், 1982இல் ஊழியர்களே சேர்ந்து அந்த நிறுவனத்தை வாங்கினார்கள். டிரைவர்களும் கிடங்குத் தொழிலாளர்களும் பங்குதாரர்கள் ஆனார்கள். இதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதுங்கள், அவசியம் படிப்பேன்.